மயிரிழை மிச்சம் வையுங்கள்

காட்டூரிலிருந்து திருவெறும்பூர் மலைக்கோயில் வழியாகத் துவாக்குடி வரை சலூன் நடத்தும் தம்பிமார்களுக்கும், அந்தக் கடைகளில் கூலிக்கு நிற்கும் பிள்ளைகளுக்கும்,

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்கும் இன்று கடை லீவு. துண்டுகளைத் துவைத்துக் காயப்போட்டு, மதியம் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு படியுங்கள். ஆனால் தை பிறப்பதற்குள் படித்துவிடுங்கள்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் மலைக்குப் போய்த் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். மகரஜோதி முடிந்ததும் மிச்சப் பேரும் வந்துவிடுவார்கள். மாலையைக் கழற்றிய கையோடு அத்தனை பேரும் நம் நாற்காலிக்கு வருவார்கள். இரண்டு நாளில் பத்து நாள் வசூல் பார்த்துவிடலாம். நானும் முப்பத்தெட்டு வருடம் அந்த வசூலை எண்ணியவன்தான். இப்போது கண் மங்கிவிட்டதால் கத்தியை மகனிடம் கொடுத்துவிட்டு, காலையில் கடைக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவதோடு சரி. சும்மா உட்கார்ந்திருக்கிறவன் கண்ணுக்குத்தான் சில விஷயங்கள் தெரியும். அந்த இரண்டு நாளில் நாம் அவசரமாகச் செய்கிற வேலையால், அடுத்த பத்து மாதம் சில பேர் கழுத்தில் எறும்பு ஊர்வது போலச் சொறிந்துகொண்டே திரிகிறார்கள்.

என் கடைக்கு ஒரு வெல்டர் வருவார். சிட்கோவில் ஃபேப்ரிகேஷன் வேலை. நல்ல சுருட்டை முடி, கறுத்த தோல். சேவிங் செய்த மூன்றாம் நாள் தாடைக்குக் கீழே, கழுத்து முழுக்கப் பொரிப்பொரியாகக் கிளம்பிவிடும். சிலதில் சீழ் வைக்கும். ஆறினால் அங்கங்கே கரும்புள்ளி. வெயில் காலத்தில் வியர்வையும் இரும்புத் தூசியும் சேர்ந்தால் மனிதர் துடித்துப் போவார். "பிளேடு ஒத்துக்கலண்ணே" என்பார். நானும் பிளேடை மாற்றினேன், க்ரீமை மாற்றினேன், படிகாரத்தை அழுத்தித் தேய்த்தேன். டெட்டால் தண்ணீரில் துடைத்தேன், அதற்கு எரிச்சல்தான் கூடியது.

அவர் வருடா வருடம் மாலை போடுகிறவர். மலையிலிருந்து திரும்பி என் முன்னால் உட்காரும்போது தாடியை விலக்கிப் பார்த்தால் கழுத்து துடைத்து விட்டது போல இருக்கும். ஒரு பொரி இருக்காது. "சாமி மகிமை" என்று அவர் சொல்வார், நானும் தலையாட்டுவேன். அப்புறம் கத்தியை எடுத்து, ஒருமுறை வாட்டத்துக்கு, ஒருமுறை எதிராக, பளபளவென்று சிரைத்து அனுப்புவேன். அந்த வாரமே பழைய கதை. பன்னிரண்டு வருடம் இது என் கண் முன்னால் நடந்தது. ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

உறைக்க வைத்தவள் என் மகள். பார்மசி படித்தவள். ஒருநாள் கடைக்குச் சோறு கொண்டுவந்தவள் அவர் கழுத்தைப் பார்த்துவிட்டு, பேப்பர் ஓரத்தில் பேனாவால் கிறுக்கிக் காட்டினாள். சுருள்கிற முடி தோலை விட்டு நேராக எழும்பாது, வளைந்துதான் வரும். அதை நாம் ஒட்ட வெட்டும்போது முனை சாய்வாகச் சீவப்படுகிறது, மூங்கிலைச் சீவினால் வருகிற கூர் மாதிரி. சில நாளில் அந்தக் கூர்முனை வளர்ந்து, வளைந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளித் திரும்பவும் தோலுக்குள்ளேயே குத்தி இறங்கிவிடுகிறது. காலில் முள் தைத்தால் அந்த இடம் வீங்கி, சிவந்து, சீழ் கட்டாதா? அதேதான் இங்கேயும். தன் முடியையே உடம்பு முள்ளாகப் பார்க்கிறது.

இன்னொரு வழி இன்னும் மோசம், அதில் முழுப் பழியும் நம் கைக்குத்தான். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதிர்வாட்டத்தில் கத்தி போடுகிறோம் அல்லவா? இழுத்த தோலிலிருந்து முடி கொஞ்சம் கூடுதலாக வெளியே வரும், அந்த நிலையில் அதை வெட்டிவிடுகிறோம். கையை எடுத்ததும் தோல் தன் இடத்துக்குத் திரும்ப, வெட்டிய முனை தோலுக்கு உள்ளே போய்விடும். அது வெளியே வரும் வழி தவறி, உள்ளேயே பக்கச் சுவரைக் குத்துகிறது. இரட்டை பிளேடு, மூன்று பிளேடு ரேஸர்கள் செய்வதும் அதைத்தான். முதல் பிளேடு முடியை இழுக்கும், பின்னால் வருவது தோலுக்குக் கீழே வெட்டும். 1971ல் முதல் இரட்டை பிளேடு ரேஸர் சந்தைக்கு வந்தபோது இதைத்தான் பெருமையாக விளம்பரம் செய்தார்கள்.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. பெயர் நமக்கு வேண்டாம். முதலில் கிளம்புகிற பொரியில் கிருமியே இருக்க வேண்டியதில்லை என்பது தெரிந்தால் போதும். கிருமி இல்லாத இடத்தில் டெட்டாலும் படிகாரமும் என்ன செய்யும்? 1956லேயே ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள். அங்கே கறுப்பின ஆண்களுக்கு இது மிகவும் அதிகம், ராணுவத்தில் தினமும் சிரைத்தே ஆக வேண்டிய சிப்பாய்களுக்குப் பெரிய தொல்லை. நம் ஊரில் மட்டும் சுருட்டைக்குப் பஞ்சமா? தலைமுடி நேராக இருக்கிறவனுக்குக்கூடத் தாடி முடி, அதுவும் கழுத்துப் பக்கம், சுருண்டு கிடப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

இப்போது சாமி மகிமைக்கு வருகிறேன். தாடி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளரும். ஒரு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர். அந்த நீளம் வந்துவிட்டால் முடி ஒரு ஸ்பிரிங் மாதிரி விறைத்து, தோலுக்குள் மாட்டியிருந்த தன் முனையைத் தானே வெளியே இழுத்துக்கொள்ளும். முள் வெளியே வந்தால் புண் ஆறாமல் என்ன செய்யும்? அதனால் தோல் டாக்டரிடம் போனால் முதலில் சொல்வது, குறைந்தது நான்கு வாரம் சிரைக்காதே என்பதுதான். கேரளத்தில் மண்டலம் நாற்பத்தொரு நாள், நம் பக்கம் நாற்பத்தெட்டு நாள் என்று கணக்கு. இரண்டுமே டாக்டர் கேட்ட நாளுக்கு மேலே.

டாக்டர் சொன்னால் கேட்காதவன் விரதத்தில் மட்டும் எப்படிக் குணமாகிறான்? சிரைப்பதை நிறுத்திய முதல் ஒரு வாரம் பொரி குறையாது, கூடக்கூடச் செய்யும். ஏற்கெனவே வெட்டிவிட்ட கூர்முனைகள் அப்போதுதான் உள்ளே இறங்கும். ஐந்தாம் நாள் அரிப்பு தாங்காமல், "தாடி விட்டதுதான் தப்பு" என்று நம் ஆள் கடைக்கு ஓடிவந்துவிடுவான். மாலை போட்டிருக்கிறவன் ஓடிவர முடியாது. அந்தக் கெட்ட வாரத்தை அவன் எப்படியும் தாண்டியாக வேண்டும். தாண்டிவிட்டால் மிச்சத்தைத் தோலே பார்த்துக்கொள்ளும். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது தாடி விடுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் சிரைத்துக்கொள்ள வருகிற தகப்பன்மாரையும் கவனித்துப் பாருங்கள், கழுத்து சுத்தமாக இருக்கும்.

அப்படி ஒரு மண்டலம் தவம் கிடந்து ஆறின தோலை, தை முதல் வாரத்தில் பத்தே நிமிடத்தில் நாம் கெடுக்கிறோம். அவர்கள் கேட்பதும் அதைத்தான் என்பது உண்மை. கண்ணாடியில் பார்த்து, புறங்கையால் கன்னத்தைத் தடவி, எங்கேயாவது சொரசொரப்பு தட்டினால், "இங்க இன்னொரு கோட் போடுண்ணே" என்பார்கள். தடவினால் கை வழுக்க வேண்டும். தொழில் பழகின காலத்திலிருந்து நமக்கும் அதுதான் அளவுகோல்.

நம் மலைக்கோயில் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். தேவர்கள் எறும்பாக வடிவெடுத்து மலையேறிப் பூஜை செய்யப் போனபோது லிங்கம் வழவழவென்று எண்ணெய்ப் பசையாக இருந்ததாம். எறும்புகள் ஏற ஏற வழுக்கின. சாமி என்ன செய்தார்? தன்னையே சொரசொரப்பான புற்றாக மாற்றிக்கொண்டு, போதாததற்குக் கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தார். வழவழப்பை விட்டுக்கொடுத்ததால்தான் அவர் எறும்பீஸ்வரர், ஊர் திருவெறும்பூர். பக்கத்திலேயே அம்மன், பெயர் நறுங்குழல் நாயகி. முடியின் பெயரிலேயே அம்மன் இருக்கிற ஊரில் முடிவேலை செய்கிறோம். முடியைத் தோலுக்குக் கீழே வரை துரத்தி வெட்டுவதை இந்த ஊரிலாவது விட்டுவிடலாம்.

விட்டுவைக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர். மயிரிழை அளவு என்று சும்மாவா சொல்கிறார்கள்? போன வருடம் கழுத்து பொரிந்தவன் வந்தால் கத்தியையே எடுக்காதீர்கள். ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் சீப்பு மாட்டி ஓட்டுங்கள். முனை மழுங்கலாக நிற்கும், உள்ளே குத்தாது. மூன்று நாளுக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள், அவனுக்கும் நல்லது, உங்களுக்கும் நாலு காசு. லேசான தாடி நிழல் இன்றைக்கு ஸ்டைல்தானே, சினிமாவில் எந்தக் கதாநாயகன் மழுமழுவென்று வருகிறான்?

அடுத்து சொல்லப்போவது என் தப்பு. எழுதக் கை கூசுகிறது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் கடை அலமாரியில் ஒரு டியூப் இருந்தது. தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது. சேவிங் முடிந்து யாராவது எரிகிறது, அரிக்கிறது என்றால் பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிடுவேன். மாயம் போலக் கேட்கும். ராத்திரிக்குள் சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும். "அண்ணன் கைராசி" என்று பெயர் வேறு. பெயரைக் கேட்டுப் பலர் சொந்தமாகவே வாங்கிப் போனார்கள். அதில் ஒருவருக்குத் தாடையோரம் ஒரு ரூபாய் அளவில் வட்டமாக ஒரு தடிப்பு இருந்தது. அதையும் சேவிங் எரிச்சல் என்றே நினைத்து அந்தக் களிம்பையே போடச் சொன்னேன். ஒரு வாரத்தில் மங்கியது. இரண்டு மாதத்தில் காது வரை, கழுத்து வரை, தோள் வரை பரவி நின்றது. அது படர்தாமரை. புத்தூர் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் டாக்டர் அவரிடம் கேட்டாராம், இந்த மருந்தை யார் தடவச் சொன்னது என்று. "சலூன்ல" என்று சொல்லிவிட்டு, என்னிடம் வந்து அதையும் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், படர்தாமரைப் பூஞ்சைக்கு மட்டும் வயலில் வேலியை எடுத்துவிட்ட மாதிரி. வெளியே அடங்கினது போலத் தெரியும்போதே உள்ளே பரவிக்கொண்டிருக்கும். முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் காகிதம் மாதிரி மெலியும், ரத்த நாளம் வெளியே தெரியும், வெயில் பட்டால் எரியும், பரு வெடிக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும், அதனால் நிறுத்தவும் பயப்படுவான். அதுவரை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கப்பட்டுவந்த ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018 மார்ச்சில் மத்திய அரசு அட்டவணை எச்சுக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அதற்கு அர்த்தம். விற்கக்கூடாததை நாம் தடவலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கமான படர்தாமரை மாத்திரைக்கு மசியாத ஒரு பூஞ்சை கிளம்பியிருக்கிறது. 2020ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ட களிம்பைத் தடவும் பழக்கம் அதற்குத் தீனி போட்டது என்று தோல் மருத்துவர்கள் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் என் பட்டாணி அளவும் இருக்கிறது.

உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். டியூபில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் "சோன்" என்று முடிந்தாலோ, குளோபெட்டசால் என்று இருந்தாலோ அது வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருக்கிறவன் கிடைத்தால், தூக்கி எறி என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள், டியூபையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். படிப்படியாக எப்படி விடுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

களிம்பு வேண்டாம் என்றால் நாம் என்னதான் செய்வது? பார்க்கலாம். நுரை போடுவதற்கு முன்னால் கழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி ஒரு நிமிடம் பார்க்கலாம். என் தாத்தா கட்டி கீறிவிடுவார், பாட்டி மூன்று கிராமத்துக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. நம்மவர்களுக்கு மருத்துவர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அதே ஊர்தான் ஆத்திரம் வந்தால் "போய்ச் சிரை" என்று வைகிறது. அது கிடக்கட்டும். இன்று இந்தத் தொழிலுக்கு எல்லாச் சாதியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள், உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்து நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை யாராவது இந்தியில் வாசித்துச் சொல்லுங்கள். வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. ஊரில் ஒரு ஆம்பளையின் தாடையை மாதம் நாலு தடவை அரை அடி தூரத்தில் பார்ப்பது நாம் மட்டும்தான், அந்தக் கண்ணை வீணாக்காதீர்கள் என்கிறேன்.

படர்தாமரைதான் முதலில் கண்ணில் பட வேண்டும். வட்டமாக இருக்கும், ஓரம் தடித்துச் செதிலாக இருக்கும், நடு கொஞ்சம் தெளிந்திருக்கும். தாடிக்குள் ஆழமாக இறங்கியிருந்தால் கொழகொழவென்று வீங்கி, முடியைத் தொட்டால் வலியே இல்லாமல் கையோடு வரும். மாடு கன்று வைத்திருப்பவர்களுக்குக் கன்றிடமிருந்தே ஒட்டுவதுண்டு, நவல்பட்டுப் பக்கத்திலிருந்து பால் ஊற்றிவிட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் இதற்கு "நாவிதன் அரிப்பு" என்றே பழைய பெயர். நம்மால் பரவியது என்பதை வெள்ளைக்காரன் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டான். இப்படிப் பார்த்தால் சேவிங் கிடையாது. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் போகட்டும். அடுத்த கடையிலும் இதே பதில் கிடைக்க வேண்டும் என்றுதான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒவ்வொரு பொரியின் நடுவிலும் ஒரு முடி, மேலே மஞ்சள் மொட்டு, தொட்டால் வலி என்றால் அது கிருமி வேலை. பிளேடு அதை முகம் முழுக்க உழுது விதைத்துவிடும். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். என் கடையிலேயே இரண்டு பேர் அப்படிப் போய்த்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. உதட்டோரம் கடுகு கடுகாகக் கொப்புளம் கொத்தாக வந்து எரிந்தால் அன்றும் கத்தி வேண்டாம், அதுவும் கத்தி போன வழியெல்லாம் பரவும். தாடிக்குள்ளும் மூக்கோரத்திலும் புருவத்திலும் எண்ணெய்ப் பிசுக்காகச் செதில் உதிர்ந்தால் அது பொடுகு. விரதத் தாடியில் நிறையப் பார்ப்பீர்கள். கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு தடவை தாடியில் நுரைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும்.

புழுவெட்டு பற்றியும் கேட்பார்கள். நாலணா அளவில் மழுங்கி முடி கொட்டியிருக்கும், அரிப்பு இருக்காது. புழு கிழு ஒன்றும் கிடையாது, உடம்பின் காவல்காரனே முடி வேரைத் தாக்குகிறான். சின்ன வெங்காயம் தேய்க்கிற நம் வழக்கத்தை அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம், 2002ல் பாக்தாத் டாக்டர்கள் வெங்காயச் சாற்றைச் சோதித்துப் பலருக்கு முடி திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் நம்மவன் தோல் கிழிய கிழியத் தேய்த்துவிட்டு வருவான், அந்தப் புண்ணுக்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

டை அடிக்கும் பெரியவர்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மாலை கழற்றினதும் நரைத்த மீசைக்குப் பாக்கெட் டை அடிக்கச் சொல்வார்கள். கறுப்பு டை பெரும்பாலானவற்றில் பாரா-ஃபினைலின்டயமின் என்ற சாமான் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் உடம்பு அதை எதிரியாக முடிவு செய்துவிடும். அடித்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ மேலுதடு வீங்கி, நீர் கோத்து, கண் வரை போகும். திருவிழாக் கடையில் கறுப்பு மருதாணி போட்டுக் கை பொத்தவன் என்றால் டையைத் தொடவே கூடாது, அதிலும் இதே சாமான்தான். மற்றவர்களுக்கு முழங்கை மடிப்பில் துளி தடவிவிட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். தலைக்கு ஒத்துக்கொண்டது மீசைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள்.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, சுற்றியிருக்கிற நூறு பட்டறைகள். பெயின்ட் அடிக்கிறவன், மணல் பாய்ச்சுகிறவன், கிரைண்டிங் பிடிக்கிறவன் எல்லாம் முகத்தோடு ஒட்டும் மாஸ்க் போட வேண்டியவர்கள். மாஸ்க் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் தாடி இருந்தால் இடைவெளி விழும், தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். அவனிடம் போய் ஒரு மில்லிமீட்டர் விடு என்று சொன்னால் கழுத்தைக் காப்பாற்றி நெஞ்சைக் கெடுத்ததாகிவிடும். அமெரிக்காவில் ஒரு பீட்சா நிறுவனத்தின் "தாடி கூடாது" விதி 1993ல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இதே கழுத்துத் தொல்லை உள்ள கறுப்பினத்தவர்களை அது வேலையை விட்டு ஒதுக்குகிறது என்று சொன்னார்கள். பீட்சா கொடுக்க மாஸ்க் தேவையில்லை, அங்கே சரி. பெயின்ட் பூத்தில் அந்தத் தீர்ப்பு செல்லாது.

ஆனால் மாஸ்க் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். மூக்கின் மேல், கன்னத்தில், முகவாய்க்குச் சற்றுக் கீழே. அதற்கும் கீழே கழுத்தில் அது படுவதே இல்லை. பொரி கிளம்புவது எங்கே? பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான். அதனால் விளிம்பு உட்காரும் பட்டையை மட்டும் கத்தியால் எடுங்கள், கழுத்தை ட்ரிம்மரோடு நிறுத்துங்கள். அந்த வெல்டருக்கு நான் கடைசியாகச் செய்தது இதுதான். மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. அதிலும் கேட்காதவர்களுக்கு டாக்டர்கள் ராத்திரி தடவ அடாபலீன் மாதிரி மருந்து எழுதுவார்கள், முடி வேரையே குறைக்கிற லேசரும் இருக்கிறது. நம் மாதிரிக் கறுத்த தோலுக்கு என்.டி.யாக் வகை லேசர்தான் பொருந்தும், எந்த மெஷின் என்று கேட்டுவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

கத்தி போட்டே ஆக வேண்டியவனுக்கு எப்படிப் போடுவது? மண்டலத் தாடியை முதலில் ட்ரிம்மரில் இறக்கிவிட்டு, வெந்நீரில் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் போட்டு வையுங்கள். தண்ணீர் குடித்த முடி பஞ்சு மாதிரி வெட்டுப்படும், காய்ந்த முடி கம்பி. கூட்டம் நிற்கிறது என்று நாம் முதலில் கைவிடுவது இந்த மூன்று நிமிடத்தைத்தான். அப்புறம் விரலால் கழுத்தைத் தடவி வாட்டம் பாருங்கள். கழுத்தில் வாட்டம் ஒரே திசையில் போகாது, ஒரு பக்கம் மேல்நோக்கி, ஒரு பக்கம் காதை நோக்கி, நடுவில் சுழி கூட இருக்கும். முடி போகிற போக்கிலேயே ஒரே தடவை, தோலை இழுக்காமல், கத்தியை அழுத்தாமல் எடுங்கள். எதிர்க் கோட் கேட்டால் "கழுத்துக்கு வேண்டாம்ணே" என்று சொல்லுங்கள். உள்ளே வளையமாக மாட்டிய முடி தெரிந்தால் சுட்ட ஊசி முனையால் வளையத்தை மட்டும் நிமிர்த்திவிட வேண்டும், பிடுங்கக் கூடாது. பிடுங்கினது திரும்ப முளைக்கும்போது உள்ளேயே குத்தும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர்த் துணி, வாசனை இல்லாத ஏதாவது ஈரப்பசைக் க்ரீம், அவ்வளவுதான். நெடி அடிக்கிற லோஷனை வாடிக்கையாளர் கேட்டால் சட்டைக்குப் போட்டுவிடுங்கள்.

பின்கழுத்தை மறந்துவிட்டேன். ஃபேட் கட் என்று சின்னப் பிள்ளைகள் பிடரியில் ஜீரோ அடித்து, கத்தியாலும் வழிக்கச் சொல்கிறார்கள். அங்கே பொரிந்து திரும்பத் திரும்பச் சிரைத்தால் கட்டி கட்டியாக இறுகி, தழும்பே வளர்ந்துவிடும், முடியும் முளைக்காது. பிடரியில் பொரி பார்த்தால் கத்தி வேண்டாம்.

படிகாரக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், அதில் தப்பில்லை. ஒரே கல்லை ஐம்பது கன்னத்தில் தேய்ப்பதுதான் தப்பு. மஞ்சள் காமாலையில் ஹெபடைட்டிஸ் பி என்று ஒரு வகை, அதன் வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் உயிரோடு கிடக்கும். கல்லைத் தூளாக்கி வைத்து, ஆளுக்கு ஒரு பஞ்சில் தொட்டு வையுங்கள். அரை பிளேடும் அப்படித்தான், ஒரு தலைக்கு ஒன்று, உடைத்து மாட்டுவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். அரை பிளேடின் விலை ஒரு டீயைவிடக் குறைவு. தை முதல் வாரக் கூட்டத்தில்தான் "இப்பத்தானே மாத்தினேன்" என்று கை சோம்பும், எனக்குச் சோம்பியிருக்கிறது. ஒரே துண்டை மத்தியானம் வரை ஓட்டியும் இருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன், கடையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மலைக்கோயில் நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். ட்ரிம்மரையும் அதன் ஒரு மில்லிமீட்டர் சீப்பையும் கையோடு எடுத்து வாருங்கள், பல பேர் அதை டப்பாவிலிருந்தே வெளியே எடுத்திருக்க மாட்டீர்கள். அந்த வெல்டரும் வருகிறேன் என்றிருக்கிறார், நேற்றுதான் மலையிலிருந்து திரும்பினார், தாடியைத் தொடவில்லை. கழுத்தில் வாட்டம் எப்படிப் பார்ப்பது என்று அவரை உட்கார வைத்தே காட்டுகிறேன். டீ என் கணக்கு.

உங்கள் மூத்த தொழிலாளி,
திருவெறும்பூர்